முப்பதை மறுத்தவர்

பிப்ரவரி 27

அன்புள்ள மிரெல்லா அக்காவுக்கு,

ஏரோஸ் எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். இந்தக் கடிதம் அப்பாவைப் பற்றியது. ஃபோனில் அவர் பேச்சை எடுத்தாலே உன் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடுகிறது, உடனே வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் மூடி வைத்தாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஈஸ்டர் சாப்பாட்டில் நடந்ததை இப்போது அம்மா ஊரெல்லாம் மாற்றிச் சொல்கிறாள். நான் அந்த மேஜையில் இருந்தவன், உள்ளதைச் சொல்கிறேன். நீ ஏழு வருடமாகப் பெருஜா பல்கலைக்கழகத்தில் பழைய கிரேக்கர்களையும் ரோமானியர்களையும் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு தேர்வு பாக்கி. அப்பா ஆட்டுத்தொடையை அறுத்துக்கொண்டே, "செத்துப்போனவங்களப் பத்திப் படிக்க ஏழு வருஷமா? நான் ஏழு நிமிஷத்துல ஒரு ஆட்ட முடிச்சிருவேன்" என்றார். நீ எழுந்து நின்று, "அவ்வளவு சுலபம்னா நீங்களே படிச்சுப் பட்டம் வாங்குங்கப்பா. வாங்குற அன்னைக்கு எங்க இருந்தாலும் வந்து, பட்டம் வாங்கறவங்க தலைல வைக்கிற லாரல் மாலைய என் கையாலேயே கட்டிப் போடுறேன்" என்றாய். ஜூனில் பூமியின் தென்கோடியில் இருக்கும் ஹோபார்ட்டுக்கு விமானம் ஏறினாய்.

செப்டம்பரில் அவர் இறைச்சிக் கடையை மூடிவிட்டு, அந்தக் காலத்தில் கணக்கியல் பள்ளியில் வாங்கிய சான்றிதழைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போய், நீ விட்ட அதே துறையில் சேர்ந்தார். சிரித்தோம். முதல் வருடம் முடியும்போது யாரும் சிரிக்கவில்லை.

இன்றைய நிலவரம் இது. கறி வெட்டும் சலவைக்கல் மேடைதான் அவருடைய படிப்பு மேஜை. புத்தகங்கள் எல்லாம் கறி தொங்கவிடும் குளிர் அறையில். நீ விட்டுப்போன பதினான்கு நோட்டுப் புத்தகங்களை வைத்துத்தான் கிரேக்கம் படித்தார். ஆய்வுக் கட்டுரை போன வருடமே எழுதி முடித்தாயிற்று. மிச்சம் ஒரே ஒரு வாய்மொழித் தேர்வு, பண்டைக்கால மதங்கள். பிரகலெந்தே அம்மையாரின் தேர்வு. உனக்கு அவரைத் தெரியும்.

ஜனவரியில் நான்தான் வேனில் அழைத்துக்கொண்டு போனேன். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம் என்பதால் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். என்னை மகன் என்று அப்பா அறிமுகப்படுத்தினார். பெயரைக் கேட்டதும் பேராசிரியை சிரித்தார். காதல் கடவுளின் பெயரை வைத்துக்கொண்டு லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு அது புதிதில்லை, நான் சிரிக்கவில்லை.

கேள்வி என்ன தெரியுமா? அந்தக் காலத்துப் பூசாரிகள் ஆட்டு ஈரலைப் பார்த்துக் கடவுள் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிப்பார்களாமே, அந்த ஈரல். பித்தப்பை எந்தப் பக்கம் என்று கேட்டார். நாற்பது வருடம் தினமும் ஈரல் வெட்டியவரிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்கு நிம்மதியாகிவிட்டது. ஃபோனை எடுத்து வேலைப் பட்டியலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"இடது பக்கம்" என்றார் அப்பா.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி, "இடதா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா" என்று கேட்டார். "யோசிச்சுட்டேன். இடது" என்றார். முப்பதுக்கு இருபத்து மூன்று போட்டார். அப்பா, வேண்டாம், அடுத்த முறை வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். பிடிக்காத மதிப்பெண்ணை வேண்டாம் என்று சொல்ல மாணவனுக்கு உரிமை உண்டு என்பதால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இருபத்து மூன்று எனக்கும் பிடிக்கவில்லை.

வேனில் வரும்போது கத்தினேன். "அப்பா, கண்ணை மூடிக்கிட்டு வெட்டுவீங்களே, வலதுன்னு உங்களுக்குத் தெரியாதா?" அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு, "நோட்டுல இடதுன்னு போட்டிருக்கு. அவ என்ன சும்மாவா எழுதியிருப்பா?" என்றார்.

ஒன்பதாவது நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஈரலைத் தலைகீழாக வரைந்திருக்கிறாய் அக்கா. இதைப் பதிவுக்காகச் சொல்கிறேன்.

பிப்ரவரியில் மறுபடி போனார். இருபத்தாறு. மறுத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், "இருபத்தாறெல்லாம் ஒரு மார்க்காடா? அது குழந்தைச் செருப்போட சைஸ் நம்பர்" என்கிறார். இவர் என்ன இருபது வயதுப் பையனா, மேற்படிப்புக்கு மதிப்பெண் தேவைப்பட? இவருக்கு வேண்டியது ஒரு தாள். பிரகலெந்தே அம்மையார் செப்டம்பரோடு ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு வருகிறவர் பாடத்திட்டத்தையே மாற்றப்போகிறாராம். செப்டம்பருக்குள் முடிக்காவிட்டால் அறுபத்தாறு வயதில் இவர் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொரு பைத்தியக்காரத்தனம். கடைக்குப் பின்னால் இருக்கும் லாரல் புதரில் அம்மா ஒரு இலை கிள்ளக் கூடாதாம். பட்டம் வாங்குவதற்கு முன்னால் லாரலைத் தொட்டால் ராசியில்லை என்கிறார். ஆறடிப் புதரைக் கொல்லையில் வைத்துக்கொண்டு, பருப்புக் குழம்புக்கு அம்மா சூப்பர் மார்க்கெட்டில் காய்ந்த இலை பொட்டலம் வாங்குகிறாள். வெளியில் சொல்லிவிடாதே, மானம் போகும்.

நீ ஒரு வரி அவருக்கு எழுது. கிடைத்ததை வாங்கிக்கொள்ளச் சொல். நான் சொன்னால் லிஃப்ட்காரன் என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
இப்படிக்கு,
ஏரோஸ்


ஜூலை 19

அன்புள்ள அக்கா,

நீ அவருக்கு எழுதவில்லை. சரி. நடந்ததையாவது கேள்.

ஜூனில் அப்பாவுக்கு மறுபடி தேர்வு, எனக்கோ ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் வேலை. அதனால் அம்மாவைக் காவலுக்கு அனுப்பினேன். அவர் வாயைத் திறந்து மறுப்பதற்கு முன்னால் தடுக்க வேண்டும், அதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. அம்மா முதல் வரிசையில், அவர் முதுகுக்குப் பின்னால் கைப்பையோடு உட்கார்ந்தாளாம். கேள்விகள் நன்றாகப் போயின. பேராசிரியை இருபத்தெட்டு என்றார். அப்பா தொண்டையைச் செருமினார். அம்மா கைப்பையால் அவர் தோளில் ஒன்று போட்டாள். அந்தப் பையில் அவள் என்னென்ன வைத்திருப்பாள் என்று உனக்குத் தெரியும்.

பேராசிரியை, "அம்மா, இது வாய்மொழித் தேர்வு" என்றாராம்.

அம்மா விடவில்லை. "இந்த மனுஷனுக்கு வாயால சொன்னா ஏறாது மேடம். நீங்க இருபத்தெட்டை எழுதிருங்க, வீட்டுக்குப் போய் நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறாள். மாணவர்கள் கைதட்டினார்கள். அப்பா தோளைத் தடவிக்கொண்டே, "வேண்டாம்மா, அடுத்த தடவை வர்றேன்" என்று மறுத்துவிட்டார். பெருஜாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருவரும் தனித்தனி இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள்.

இப்போது ஜூலைக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

மூன்று வாரம் அவர் குளிர் அறையிலேயே கிடந்தார். வெளியில் முப்பத்தேழு டிகிரி, இவர் குளிர் இயந்திரத்தைப் போட்டு, கோட்டும் மாட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கிரேக்கத்தில் சத்தமாகப் படிக்கிறார். தெருவில் போகிறவர்களுக்கு மூடிய கடைக்குள்ளிருந்து ஏதோ பலி பூஜை நடப்பது மாதிரிதான் கேட்டிருக்கும். பாதிரியார் ஒரு நாள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

தேர்வு நாளன்று காலையில் மீன் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஒரு ஐஸ் பெட்டியோடு வேனில் ஏறினார். சாப்பாடு என்று நினைத்து நான் கேட்கவில்லை. அது என் தவறு. எந்தப் பெட்டியையும் திறந்து பார்க்காமல் வேலையை ஆரம்பிக்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அறையில் அவர் முறை வந்ததும் பெட்டியை மேஜையில் வைத்து, வெள்ளை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, ஆட்டு ஈரல் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். அன்று காலையில் வெட்டியது. பழைய கூட்டாளி ஒருவரிடம் சொல்லிவைத்து வாங்கியிருக்கிறார். பின்னால் ஒரு பெண் எழுந்து வெளியே ஓடினாள். ஒரு பையன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் நாற்காலி மேல் ஏறி நின்றார்கள்.

பேராசிரியையைப் பார்த்தேன். முப்பத்தைந்து வருடமாக ஈரலைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். நிஜ ஈரலை இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று முகத்திலேயே தெரிந்தது.

அப்பா விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். இந்த மடல் கடவுளுக்கு, இது எதிரிக்கு, இங்கே மேடு இருந்தால் நல்லது, இங்கே பள்ளம் இருந்தால் படையை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். நடுவில், "புத்தகத்துல இத 'தலை'ன்னு போட்டிருக்காங்க. இது தலை இல்ல. இந்த ஆடு போன வசந்த காலத்துல ஈரப் புல்லு தின்னிருக்கு, அவ்வளவுதான். ரோமாபுரிக்காரங்க இதப் பாத்துத்தான் சண்டைய நிறுத்தினாங்கன்னா, புல்லுதான் ராஜ்யத்த ஆண்டிருக்கு" என்றார். பேராசிரியை அதை எழுதிக்கொண்டார். நான் பார்த்தேன், எழுதிக்கொண்டார்.

கடைசியில், "பித்தப்பை?" என்று கேட்டார்.

"வலது பக்கம்."

"ஜனவரில இடதுன்னு சத்தியம் பண்ணாத குறையா சொன்னீங்களே."

அப்பா கையைத் துடைத்துக்கொண்டார். "அது நோட்டுப் புத்தகத்தோட ஈரல். இது ஆட்டோட ஈரல்."

பேராசிரியை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "அந்த மாதிரி இடதுன்னு எங்கிட்ட ஒரே ஒரு பொண்ணுதான் சொல்லியிருக்கா. ரொம்ப கெட்டிக்காரி. கடைசித் தேர்வுக்கு வரவே இல்ல" என்றார். அப்பா ஈரலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். ஐந்து நொடியில் முடிகிற வேலைக்கு ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார்.

முப்பது. முப்பதுக்கு முப்பது அக்கா! அறையே ஆரவாரம் செய்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"மறுக்கிறேன்" என்றார் அப்பா.

பேராசிரியையின் பேனா கையிலிருந்து விழுந்தது. முப்பதை மறுத்தவர் யாரையும் தான் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதும் இல்லை, இதற்கு மேல் போட தன்னிடம் எண் இல்லை என்றார். "முப்பதோட சிறப்புப் பாராட்டு சேர்க்கலையே" என்றார் அப்பா. "சேர்க்கிறேன் ஐயா, இதோ இப்பவே சேர்க்கிறேன்!" "கேட்டு வாங்கினா அது பாராட்டா? செப்டம்பர்ல வர்றேன்." ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு பேராசிரியை சொன்னார்: "தம்பி, செப்டம்பர் பதினொண்ணு. அதுதான் கடைசி. அப்புறம் நான் கடற்கரைக்குப் போயிருவேன், யாரும் என்னத் தேட முடியாது."

ஈரலை அன்று மதியம் அம்மா, குடலை மூடியிருக்கும் வலைக்கொழுப்பில் சுற்றிச் சுட்டாள். பொட்டலத்து லாரல் இலையைப் போட்டு. வைக்கோல் மாதிரி இருந்தது.

எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

ஏரோஸ்


ஆகஸ்ட் 16

அக்கா,

எனக்குப் புரிந்துவிட்டது.

நேற்றைய மாதா திருநாள் விடுமுறைக்கு ஊரே ஏரிக்குப் போய்விட்டது. எனக்கு வேலை இல்லை. லாரல் புதர் வளர்ந்து குளிர் இயந்திரத்தின் விசிறியை அடைத்துக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மாதம் விட்டால் மோட்டார் புகைந்துவிடும். கத்தரியை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கிளையைத்தான் பிடித்தேன், அப்பா பின்கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

"கைய எட்றா! அத வெட்ட ஆள் இருக்கு."

"எந்த ஆள்? தோட்டக்காரனா? அஞ்சு நிமிஷ வேலைப்பா, நானே..."

அவர் புதருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, முப்பத்தெட்டு டிகிரி. நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "அங்க இப்ப குளிரா இருக்கும், இல்ல?" என்றார்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. நான் அவ்வளவு மடையன் இல்லை.

என் தொழிலில் ஒரு விஷயம் இருக்கிறது. எட்டு மாடிக் கட்டடத்தில் ஏதாவது ஒரு மாடியில் கதவு சரியாக மூடாமல் இருந்தால் போதும், லிஃப்ட் நகராது. கற்றுக்குட்டி ஆட்கள் மோட்டாரைக் கழற்றுவார்கள், கம்பி வடத்தை அளப்பார்கள். ஒன்றும் இருக்காது. நானும் எட்டு மாதமாக லிஃப்டுக்குள்ளேயே பழுதைத் தேடிக்கொண்டிருந்தேன். கதவு ஹோபார்ட்டில் திறந்து கிடக்கிறது.

அவர் பட்டம் வாங்கினால் நீ வர வேண்டும். உன் வாயால் சொன்னது. வாங்கி, நீ வராமல் போனால்? அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க அவருக்கு ஒரே வழி, வாங்காமல் இருப்பது. இருபத்து மூன்றும் முப்பதும் அவருக்கு ஒன்றுதான்.

நீ வருவாயா என்று அவர் கேட்க மாட்டார். கேட்கச் சொன்னால் என்னையும் அந்த ஈரல் மாதிரி வெட்டிவிடுவார். அம்மா கேட்டால் நீ அழுவாய், அவளும் அழுவாள், ஃபோன் கட்டணம்தான் ஏறும். ஆகவே நான் கேட்கிறேன். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

பட்டமளிப்பு நவம்பர் இருபது. வருகிறேன் என்று எழுதாதே, வாய் வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். டிக்கெட் எடுத்து, தேதி தெரிகிற மாதிரி அதைப் படம் பிடித்து என் ஃபோனுக்கு அனுப்பு. செப்டம்பர் பதினொன்றுக்குள் அனுப்பு. அதற்குப் பிறகு அனுப்பினால் நீ உல்லாசப் பயணம் வருவதாகத்தான் அர்த்தம்.

புதர் விசிறியைத் தொடாதபடி ஒரு பலகையை முட்டுக் கொடுத்திருக்கிறேன். நவம்பர் வரை தாங்கும். அதற்கு மேல் என்னால் உறுதி சொல்ல முடியாது.

உன் தம்பி,
ஏரோஸ்


செப்டம்பர் 13

அன்புள்ள அக்கா,

படம் பத்தாம் தேதி மாலை வந்தது. ஒரு வார்த்தை இல்லை, வெறும் டிக்கெட். பரவாயில்லை, நான் கேட்டதும் அவ்வளவுதான்.

அன்று அவரிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் தூங்கியிருக்க மாட்டார். பதினொன்றாம் தேதி தேர்வு அறை வாசலில், அவர் பெயரைக் கூப்பிட்டபோது ஃபோனை நீட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். "எந்த வருஷ நவம்பர்?" என்று கேட்டார். இந்த வருடம் என்றேன். "திரும்பிப் போற தேதி போடலையே." அது அவளிடம் கேளுங்கள் என்றேன். ஃபோனைத் திருப்பித் தராமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா, அதுபோல ஒரு கேவலமான தேர்வை நான் பார்த்ததில்லை. ரோமானியக் கடவுளைக் கிரேக்கத்துக்கு அனுப்பினார். ஒரு பேரரசனைச் சாவதற்கு நூறு வருடம் முன்னாலேயே புதைத்தார். நடுநடுவே பையிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். காப்பியடிக்கிறார் என்று நினைத்துப் பேராசிரியை கேட்டதற்கு, "இல்லம்மா, தேதி பாக்கறேன்" என்றார். கடைசியில் பேராசிரியை இரக்கப்பட்டு, அவரைக் கரையேற்றிவிடலாம் என்று சுலபமானதைக் கேட்டார். "பித்தப்பை எந்தப் பக்கம் ஐயா?"

அப்பா சிரித்தார். "இடது பக்கம்."

"ஐயா!"

"நோட்டுல இடதுன்னுதான் இருக்கு. அவ வர்றப்ப அவளே வந்து திருத்திக்கட்டும்."

இருபத்திரண்டு. எல்லாவற்றையும் விடக் குறைவு. பேராசிரியை பேனாவைப் பிடித்துக்கொண்டு, தானே பயந்த மாதிரி அவரைப் பார்த்தார். என்னோடு வந்திருந்த அம்மா கைப்பையைத் தூக்கிக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

"ஏத்துக்கிறேன்" என்றார் அப்பா.

கையெழுத்தைக் கட்டத்துக்கு வெளியே போட்டார். ஏழு நிமிடத்தில் ஒரு ஆட்டை முடிக்கிற கை.

பேராசிரியை கடற்கரைக்கு உடனே போகவில்லை. நவம்பர் இருபதுக்கு வருகிறாராம், இடது என்று சொன்ன அந்த இடதுகைக்காரப் பெண்ணைப் பார்க்க வேண்டுமாம். நீ வலதுகைக்காரி, ஈரலைத்தான் தலைகீழாக வரைவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன் பாக்கித் தேர்வைப் பற்றியும் ஏதோ சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை, ஒரு தடவைக்கு ஒரு பழுதுதான் பார்ப்பேன்.

நேற்று அப்பா அம்மாவுக்குப் பருப்புக் குழம்புக்கு லாரல் இலை கொடுத்தார். ஒரே ஒரு இலை. புதரைச் சுற்றி இரண்டு முறை நடந்து, பின்பக்கத்தில், மாலைக்கு உதவாத பூச்சி அரித்த இலையாகப் பார்த்துக் கிள்ளிக் கொடுத்தார். குழம்பு நன்றாக இருந்தது.

பத்திரமாக வந்து சேர். ஸ்வெட்டர் எடுத்துக்கொள், இங்கே நவம்பரில் மலைக்காற்று உனக்கு ஞாபகம் இருக்கும். கத்தரி கொண்டுவர வேண்டாம், விமானத்தில் விடமாட்டார்கள். இங்கே இருப்பதை அப்பா நேற்றே சாணை பிடித்து வைத்துவிட்டார்.

உன் தம்பி,
ஏரோஸ்